பிளஸ் டூ வருஷம்: மார்க்குக்கு வெளியே நடந்தவை

நான் பிளஸ் டூ பரீட்சை எழுதியது 2023 மார்ச்சில். அந்த வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் எல்லோரும் சொல்வதுபோல மார்க், கட் ஆஃப், ஸ்பெஷல் கிளாஸ் என்றுதான் பேச்சு வரும். ஆனால் எனக்கு அந்த வருஷத்தில் பெரிய அடி விழுந்தது பரீட்சையில் அல்ல, அதற்குப் பின் வந்த நான்கு மாதத்தில். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அப்பா விசைத்தறியில் வேலை பார்க்கிறார், அம்மா வீட்டிலிருந்தபடியே தையல். தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பள்ளியில் பாடம் நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் எந்தச் சான்றிதழை எப்போது வாங்க வேண்டும், யாரிடம் எதைக் கொடுக்கக் கூடாது, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க நமக்கு உரிமை உண்டா என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லை. இப்போது பிளஸ் டூவில் இருக்கிற, என்னைப்போல முதல் ஆளாகக் கல்லூரி வாசலுக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி, தமிழ் வழி, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஆறு பாடம், 600 மார்க். ஜூன் மாதமே எங்கள் மனதில் பதிய வைத்தது 600 என்ற எண்ணைத்தான். பொறியியல் கவுன்சிலிங்குக்கு அந்த 600 அப்படியே போவதில்லை என்பது டிசம்பர் வாக்கில்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. கணக்கு நூற்றுக்கு எடுத்த மார்க் அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பதுக்கு வரும். மொத்தம் 200. இதைத்தான் கட் ஆஃப் என்கிறார்கள். கணக்கில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் ஒரு மார்க் போகிறது, இயற்பியலில் போனால் அரை மார்க். இருவருக்கு ஒரே கட் ஆஃப் வந்தாலும் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். தமிழ், ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பாஸாக வேண்டும், மொத்த மார்க்கும் வேறு இடங்களில் பேசும். ஆனால் அரையாண்டுக்குப் பிறகு நேரம் நெருக்கும்போது எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எந்தக் குரூப்பாக இருந்தாலும், போக நினைக்கும் படிப்புக்கு எந்தப் பாடங்களின் மார்க்கை எடுக்கிறார்கள் என்பதை ஜூனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு உங்கள் கணக்கு டீச்சரே பதில் சொல்லிவிடுவார்.

காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறு வரை மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ். அக்டோபருக்குள் போர்ஷன் முடிந்துவிட்டது. அதன் பிறகு டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட். புக் பேக் கேள்விகளை மனப்பாடமாக வைத்திருந்த என் தோழிகள் பாடத்தின் உள்ளேயிருந்து வந்த ஒரு மார்க் கேள்விகளில் தடுமாறினார்கள். பழைய வினாத்தாளில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் படித்தால் போதும் என்ற காலம் 2019-ல் புதிய புத்தகம் வந்ததோடு முடிந்துவிட்டது. பாடத்தை ஒருமுறை வரி வரியாக வாசித்தவர்களுக்கே அந்த 15 ஒரு மார்க் கேள்விகளும் கை கொடுத்தன. இது என் அனுபவம் மட்டுமல்ல, எங்கள் வகுப்பு முழுவதுமே பார்த்தது.

அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் முதல் திருப்புதல் தேர்வு முடிந்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் வகைநுண்கணிதம் ஓடும். சாப்பிட உட்கார்ந்தால் குமட்டும். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் மார்க்கைப் படித்துவிட்டு ஒரு டீச்சர் “உன்கிட்ட இத எதிர்பார்க்கல” என்றார். அந்த ஒரு வரியை மாதக் கணக்கில் சுமந்துகொண்டிருந்தேன். வீட்டில் சொல்ல முடியவில்லை. அவர்கள் என்னை நம்பி இருக்கிறார்கள் என்கிற நினைப்பே பாரமாக இருந்தது. என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் இதே நிலைதான் என்பது ஒருநாள் இருவரும் அழுதபோதுதான் தெரிந்தது. அப்போதே பேசியிருந்தால் இருவருக்குமே லேசாகியிருக்கும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும், அரசின் 104 எண்ணிலும் மாணவர்களிடம் பேச ஆள் இருக்கிறார்கள். 14417 எங்கள் புத்தகத்தின் அட்டையிலேயே அச்சடித்திருந்த எண்தான், நாங்கள் ஒருமுறைகூடக் கவனித்துப் பார்க்கவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் இருப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அம்மாவிடமோ, தோழியிடமோ, அந்த எண்ணிலோ பேசிவிடுங்கள்.

சரி, இப்போது சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். இந்த நான்கையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு படியாகப் போய் வரும். சாதிச் சான்றிதழ் எனக்கு முன்பே இருந்தது. ஆனால் அதில் அப்பா பெயரில் ஒரு எழுத்து வேறு, ஆதாரில் வேறு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறு. மே மாதத்தில் ஊரே வரிசையில் நிற்கும்போது இதைத் திருத்தப் போனால் எவ்வளவு அலைச்சல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அப்பா ஒவ்வொரு முறை வரும்போதும் ஒருநாள் தறிக் கூலி போனது. ஆகவே காலாண்டு விடுமுறையிலேயே எல்லாத் தாளையும் தரையில் பரப்பி வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் எழுத்து எழுத்தாக வாசியுங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைந்த, உங்கள் கையில் இருக்கும் ஒரு கைபேசி எண் இவையும் அதே விடுமுறையில் தயாராகட்டும். வருமானச் சான்றிதழ் மட்டும் ஓராண்டுதான் செல்லும் என்பதால் அதை மார்ச், ஏப்ரலில் வாங்கினால் போதும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். சாதி, வருமானம் எதுவும் தடை இல்லை. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். ஆனால் அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. இந்த ஒரு வரியை ஏப்ரல் மாதம் யாராவது என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். டை கட்டிய இருவர், ஒரு புரொஜெக்டர், எல்லோருக்கும் ஒரு பேனா. ‘ஸ்காலர்ஷிப் தேர்வு’ என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கேள்விகள் எளிதாக இருந்தன. தாளின் மேலே பெயர், அப்பாவின் தொழில், அப்பாவின் கைபேசி எண், அம்மாவின் கைபேசி எண். அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த நான்கு வரிதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு வாரத்தில் அப்பாவுக்கு அழைப்பு வந்தது. உங்கள் மகள் 75 சதவீத உதவித்தொகைக்குத் தேர்வாகியிருக்கிறாள், வாழ்த்துக்கள் என்று. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பேசிப் பார்த்ததில், என் வகுப்பில் தேர்வு எழுதிய அத்தனை பேருக்கும் அதே 75 சதவீதம்தான்.

ஏப்ரல் 3-ஆம் தேதி வேதியியலோடு பரீட்சை முடிந்தது. மறுநாளிலிருந்து தினமும் அழைப்பு. “இந்த வாரத்துக்குள்ள சீட்ட புக் பண்ணிடுங்கண்ணே, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் கொஞ்சம் சீட்டுதான் இருக்கு. ரிசல்ட் வந்தா எங்களாலயே எதுவும் செய்ய முடியாது.” ரிசல்ட் வருவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, கவுன்சிலிங் தொடங்கவே மூன்று மாதம் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மாவின் கம்மலை அடகு வைத்து அப்பா 25,000 ரூபாய் கட்டினார். ரசீது என்று கொடுத்தது உள்ளங்கை அகல மஞ்சள் சீட்டு. என் பெயர், தொகை, ‘அட்வான்ஸ்’ என்ற ஒரு சொல், கிறுக்கலாய் ஒரு கையெழுத்து. எதற்கான அட்வான்ஸ், எந்தப் படிப்பு, எந்த ஆண்டு, திரும்பத் தருவார்களா என்று எதுவுமே இல்லை. கல்லூரி முத்திரையும் இல்லை. பணம் கட்டுவதானால் வங்கி வழியாக, கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்குக் கட்டுங்கள். ரொக்கமாகத்தான் வாங்குவோம் என்று சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடலாம். ரிசல்டுக்கு முன்னால் பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்கிற சீட்டு பெரும்பாலும் ஆகஸ்டிலும் காலியாகத்தான் இருக்கும். பொறியியலில் ஒவ்வோர் ஆண்டும் கவுன்சிலிங் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கில் இடங்கள் மீதமிருக்கின்றன.

மே 8 அன்று ரிசல்ட். கணக்கு 90, இயற்பியல் 86, வேதியியல் 84. கட் ஆஃப் 175. வேதியியலில் 90-க்கு மேல் எதிர்பார்த்திருந்தேன். மார்க் வந்த மறுநாளே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், சில நாட்கள்தான் அவகாசம். ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். மறுமதிப்பீடு வேண்டுமானால் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும், அதற்கு 505 ரூபாய். மறுகூட்டல் 205 ரூபாய், உயிரியலுக்கு மட்டும் 305. வீட்டில் இருந்த நிலைமையில் 275 ரூபாய் கேட்கவே தயக்கமாக இருந்தது. அம்மா தையல் காசில் கொடுத்தார். நகல் வந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். 31-வது கேள்வி, மூன்று மார்க் கேள்வி. உள்ளே விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 3 என்று போட்டிருந்தது. முகப்புப் பக்கக் கட்டத்தில் 31-க்கு நேரே ஒன்றும் இல்லை, கூட்டலில் விட்டுப்போயிருந்தது. மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தேன், 84 என்பது 87 ஆனது. கட் ஆஃப் 176.5. ஒன்றரை மார்க்தானே என்று தோன்றும். கட் ஆஃப் பட்டியலில் அந்த இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். 480 ரூபாய் செலவில் நான் அவர்களைத் தாண்டினேன். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் யார் என்ன சொன்னாலும் நகலை வாங்கிப் பாருங்கள். ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது.

ரிசல்ட் வந்த அதே வாரத்தில் அந்தக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கே ஆள் வந்துவிட்டார். டிசி, பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மூலப்பிரதியாகக் கேட்டார். “வெரிஃபிகேஷனுக்குத்தான், ரெண்டு நாள்ல திருப்பித் தந்துடுவோம்.” முன்பணம் கட்டியாயிற்றே, கொடுக்காவிட்டால் அதுவும் போய்விடுமோ என்கிற பயம் வீட்டில் எல்லோருக்கும். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் என்றது மாதக் கணக்கில் நீண்டது. கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்ததைச் சொன்னதும் அதே ஆள், “பாஸ்வேர்டக் குடும்மா, சாய்ஸ் ஃபில்லிங் நாங்களே பண்ணித் தர்றோம்” என்றார். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகப் பதிவதுதான் சாய்ஸ் ஃபில்லிங். நல்லவேளையாகப் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. பதிவு செய்யக் கூட வந்த தோழியின் அக்கா, ஓடிபி வரும் எண்ணும் மின்னஞ்சலும் உன்னுடையதாகவே இருக்க வேண்டும், பிரவுசிங் சென்டர்காரர் தன்னுடையதைப் போட விடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அக்காவை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்ததே அந்த அக்கா வற்புறுத்தியதால்தான். பதிவுக் கட்டணம் பொதுவாக 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 250. அவர்தான் ஒரு நோட்டில் கணக்கைப் போட்டுக் காட்டினார். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசியத் தர அங்கீகாரம் பெற்ற படிப்பானால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வகுத்தது இது. முதல் பட்டதாரிச் சலுகையைக் கழித்தால் அரசு ஒதுக்கீட்டில் நான் கட்ட வேண்டியது ஏறக்குறைய 25,000. அந்தக் கல்லூரி எங்களுக்குக் கொடுத்த தாளை எடுத்து வைத்துப் பார்த்தோம். ‘75 சதவீத உதவித்தொகை’ போக டிரெய்னிங் கட்டணம், லேப் கட்டணம், பிளேஸ்மென்ட் கட்டணம், சீருடை என்று எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. நான்கு ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அப்பாவிடம் அந்த நோட்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியவர்கள் மேல் மட்டுமல்ல, எங்களைப் போன்ற வீடுகளைத் தேடிப் பிடித்து இதைச் செய்கிறார்களே என்று. படித்தவர்கள் இருக்கிற வீட்டில் அந்தத் தாளை ஐந்து நிமிடத்தில் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்கில் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசைதான் முக்கியம். மேலே உள்ளதிலிருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார்கள், கிடைக்கும் முதல் இடத்தைக் கொடுப்பார்கள். ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்காமல், மனதுக்கு மிகவும் பிடித்ததை முதலில் வையுங்கள். முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எந்தச் சாதிப் பிரிவுக்குக் கடைசி கட் ஆஃப் எவ்வளவு என்பது கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை சதவீதம் பேர் பாஸ் ஆகிறார்கள் என்பதை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. விளம்பரப் பலகையை விட அந்தப் பட்டியலை நம்புங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய உண்டு, பெயரை நம்பாமல் கல்லூரி எண்ணைக் குறித்துவைத்து அதை வைத்தே தேர்ந்தெடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே காலியாகும் இடத்துக்குக் காத்திருப்பதா, வேண்டாம் என்று விடுவதா என்று கேட்கும். காத்திருப்பவர்கள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். குறித்த நாளுக்குள் எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த நாட்களில் வெளியூர்க் கல்யாணம், திருவிழா என்று எங்கும் போகாதீர்கள்.

எனக்குத் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. எலக்ட்ரிக்கல். அரசுக் கல்லூரி, வீட்டுக்கும் பக்கம். கட்டணம் அந்தத் தனியார் கல்லூரித் தாளில் இருந்ததில் ஒரு சிறு துண்டுதான். அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். மறுநாள் சான்றிதழைத் திரும்பக் கேட்க அந்தத் தனியார் கல்லூரிக்குப் போனோம்.

அங்கே முதலில் முதல்வர் இல்லை என்றார்கள். அடுத்த முறை அட்மிஷன் அலுவலர் இல்லை. பிறகு ஒருவர், “உங்க பேரு லிஸ்ட்ல போயிடுச்சு, இனி கேன்சல் பண்ணணும்னா முதல் வருஷ ஃபீஸ் முழுசாக் கட்டணும்” என்று சொன்னார். வகுப்பே தொடங்கவில்லை. அப்பா வரவேற்பறையில் நின்றபடியே கைகூப்பிக் கெஞ்சினார். அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அந்த அவமானத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இருவரும் பேசவில்லை. கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவு கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். பொறியியல் போன்ற தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇ-யின் விதியில் தெளிவாகவே இருக்கிறது: வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால், ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இதே போன்ற விதியை 2018-ல் வெளியிட்டிருக்கிறது. மறுநாள் ஒரு வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம், யாரிடம் எந்தெந்தச் சான்றிதழைக் கொடுத்தோம், எனக்குக் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்திருக்கிறது, இன்ன தேதிக்குள் சேர வேண்டும், விதி இப்படிச் சொல்கிறது, சான்றிதழையும் பணத்தையும் திருப்பித் தாருங்கள் என்று ஒரு பக்கத்துக்குள். அதைக் கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒரு நகல் சென்னையில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு, ஒன்று ஏஐசிடிஇ-யின் இணையவழிக் குறைதீர்ப்புக்கு. முதலமைச்சரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்தேன். வந்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தபால் ரசீதையும் மஞ்சள் சீட்டையும் இணைத்து மனு கொடுத்தோம். மனு எண் எழுதிய சீட்டு கொடுத்தார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள், அடுத்து எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

அதற்குள் சேர வேண்டிய நாள் வந்துவிட்டது. திருநெல்வேலியில் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். என்னிடம் இருந்தவை எல்லாம் நகல்கள், கவுன்சிலிங்குக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்தவை, அரசின் இணையப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருந்த மார்க் ஷீட். மூலப்பிரதிகளைக் குறித்த காலத்துக்குள் ஒப்படைக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள். அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மேடம், “பயப்படாதம்மா, இந்த மாதிரி வருஷா வருஷம் வர்றாங்க” என்றார். வருஷா வருஷம் வருகிறார்கள் என்பதைக் கேட்டபோது ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

மனு கொடுத்த வாரத்தின் கடைசியில் அந்தத் தனியார் கல்லூரியிலிருந்தே அழைத்தார்கள். குரல் முன்பு போல இல்லை, மரியாதையாகப் பேசினார்கள். சான்றிதழ்கள் எல்லாம் திரும்பக் கிடைத்தன. பணத்தில் 10,000 ரூபாய் மட்டும் தந்தார்கள். மீதி 15,000-ஐ ‘புராசஸிங்’ என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதற்குத் தரவில்லை. அதற்கு மேல் அலைய அப்பாவால் முடியவில்லை. கூலி போன நாட்கள், பஸ் செலவு, அடகுக் கடை வட்டி எல்லாம் சேர்த்தால் இழப்பு 20,000-ஐத் தாண்டும். எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. கையில் சரியான ரசீது இருந்திருந்தால் நுகர்வோர் ஆணையம் வரை போயிருக்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன். மூலச் சான்றிதழை எங்கே ஒப்படைத்தாலும் எது எது ஒப்படைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பெயர் எழுதி, தேதியும் முத்திரையும் போட்டு அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு செட்டில் அரசு அலுவலர் சான்றொப்பமும் வாங்கி வையுங்கள். சேர்வது உறுதியாகும் வரை நகல் மட்டும்தான், மூலப்பிரதி கிடையாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என் தோழிகளில் ஒருத்தி இயற்பியலில் ஃபெயில். ரிசல்ட் அன்று அவள் வீட்டுக்குப் போகவே பயந்தாள். ஜூனில் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டே அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துவிட்டாள். ஒரு வருஷம்கூட வீணாகவில்லை. இன்னொருத்தி பிளஸ் டூ முடித்ததை வைத்துப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். பொறியியலையே நம்பியிருந்தாலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே மாதத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் ஒரு சினிமா டிக்கெட் விலைகூட இல்லை, கவுன்சிலிங் முடியும் வரை மனதுக்கு ஒரு பிடிமானம்.

என் தம்பி வருகிற ஜூனில் பிளஸ் டூ போகிறான். நான் ஏற்கெனவே வாங்கிவிட்டதால் முதல் பட்டதாரிச் சலுகை அவனுக்குக் கிடையாது, குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் அவன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. அதனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். நான் உதவி பெறும் பள்ளியில் படித்ததால் எனக்கு அது இல்லாமல் போனது. அவன் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தான் என்பதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் எப்போது கேட்க வேண்டும் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். போன வாரம் அவன் ஆதாரில் இனிஷியலைத் திருத்தினோம். கல்லூரியிலிருந்து வருகிறோம் என்று யாராவது அழைத்தால் அப்பா இப்போது, “மகளிடம் பேசுங்க” என்று போனை என்னிடம் தந்துவிடுகிறார்.